மனநிலைப் பரிசோதனையின் வரலாறும் வினாவின் மொழியும்

1. முன்னுரை

நாடி பார்க்கும் மருத்துவர்க்கு நோயாளியின் கை ஒன்றே போதும். ஈரலின் வீக்கத்தையும் இதயத்தின் ஒலியையும் நோயாளி வாய் திறவாதிருந்தபோதும் அறிந்துகொள்ளலாம். மனத்தை ஆராயப் புகும் மருத்துவர்க்கு அவ்வசதி இல்லை. நோயாளியின் தோற்றத்தாலும் நடத்தையாலும் சில அறியப்படுமேனும், அவர்தம் எண்ணமும் நினைவும் அச்சமும் ஐயமும் பெரும்பாலும் சொல் வழியாகவே புலனாகும். ஆதலின், மருத்துவப் பரிசோதனைகள் பலவற்றுள்ளும் மொழியைத் தன் முதற் கருவியாகக் கொண்டது மனநிலைப் பரிசோதனையே எனலாம்.

இப்பரிசோதனை இன்று மருத்துவக் கல்லூரிகளில் ஓர் ஒழுங்கு பற்றிக் கற்பிக்கப்படுகின்றது. தோற்றமும் நடத்தையும், பேச்சு, உணர்வுநிலை, எண்ணத்தின் போக்கும் பொருளும், புலனுணர்வின் பிறழ்ச்சி, இடம் காலம் ஆள் பற்றிய தெளிவு, கவனம், நினைவு, தன் நோயைத் தான் உணரும் தன்மை, செயலைத் தீர்மானிக்கும் திறன் என்பன அவ்வொழுங்கின் உறுப்புகள். இவ்வுறுப்புகள் ஒரே காலத்தில் ஒருவரால் வகுக்கப்பட்டனவல்ல. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவை பற்றி எழுந்து, பின்னர் ஒன்றாக இணைந்தன. அவ்வரலாற்றை ஆராய்வதும், இவ்வினாக்கள் தமிழில் கேட்கப்படும்போது நேரும் இடர்களை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவர்க்கே உரிய பொருள் என்று தமிழ்த்துறையினர் ஒதுங்கியிருத்தல் தகாது என்பதற்குரிய காரணம் பின்னர்ப் பெறப்படும்.

2. சட்டம் வகுத்த வினாக்கள்

மனநிலையை வினாக்களால் அளந்தறியும் முறை மருத்துவமனையில் தோன்றியது என்று கருதுவது இயல்பு. சான்றுகள் அங்ஙனம் காட்டவில்லை. இங்கிலாந்தில் நிலவுடைமை பற்றிய சட்டமே இம்முறைக்கு முற்பட்ட பிறப்பிடங்களுள் ஒன்று. தன் நிலத்தைத் தான் ஆளும் அறிவு இல்லாதவரின் உடைமையைக் காக்கும் உரிமை அந்நாட்டில் மன்னனுக்கு இருந்தது. ஆகவே ஒருவர் அறிவுடையரா அல்லரா என்பது மன்னனின் அலுவலர் விசாரித்துத் துணியும் செய்தியாயிற்று.

கி.பி. 1383ஆம் ஆண்டில், நார்ஃபோக் பகுதியிலுள்ள லின் என்னும் ஊரைச் சேர்ந்த எம்மா டி பெஸ்டன் என்னும் பெண் இவ்வாறு விசாரிக்கப்பட்டாள். அவளிடம் கேட்ட வினாக்களும் அவள் கூறிய விடைகளும் அரசு ஆவணத்தில் இடம்பெற்றுள்ளன. எங்கிருந்து வந்தாய் என்றதற்குத் தெரியாது என்றாள். எந்த ஊரில் இருக்கின்றாய் என்றதற்கு ஈலி என்னும் வேற்றூரின் பெயரைச் சொன்னாள். அன்றைய கிழமை அவளுக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு நாள் ஏழு என்றாள். அவற்றின் பெயரைச் சொல்லக் கூடவில்லை. கணவர் மூவர் என்றாள். ஒருவர் பெயரே சொன்னாள். மகன் ஒருவன் உண்டென்றாள். அவன் பெயர் தெரியாதென்றாள். நாற்பது பென்னிக்கு எத்தனை ஷில்லிங் என்று வினவியபோதும் தெரியாது என்றாள். இருபது வெள்ளிக் குரோட்டு, நாற்பது பென்னி இவற்றுள் எதை விரும்புவாய் என்றதற்கு இரண்டும் ஒரே மதிப்பின என்றாள். ஒரு குரோட்டுக்குப் பென்னி நான்காதலின் முன்னது பின்னதைப் போல் இருமடங்கு மதிப்புடையது. தன்னையும் தன் உடைமையையும் ஆளும் அறிவும் நினைவும் அவளுக்கு இல்லை என்று விசாரித்தோர் முடிவு செய்தனர்.

இவ்விசாரணையை இற்றைநாள் மருத்துவர் ஒருவர் படிப்பின் வியப்படைவார். இடம், காலம், உறவினர் பெயர், எண்ணறிவு, பொருள்களை ஒப்பிட்டுத் தேரும் திறன் ஆகிய ஐந்தும் இதன்கண் உள்ளன. அறுநூறு ஆண்டுகட்குப் பின் வந்த வினாநிரல்களின் எலும்புக்கூடு இங்கேயே காணக்கிடைக்கின்றது.

1534ஆம் ஆண்டில் ஆந்தனி ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்னும் சட்ட அறிஞர் இம்மரபை நூலாக எழுதினார். இருபது பென்னியை எண்ண அறியாதவன், தன் தாய் தந்தை இன்னாரென அறியாதவன், தன் வயதை அறியாதவன் பிறவியிலேயே அறிவற்றவன் என்பது அவர் தந்த இலக்கணம். அதனோடு அவர் ஒரு புறனடையும் சேர்த்தார். எழுத்தை அறிந்து, பிறர் கற்பிக்கப் படிக்கவல்லவன் அறிவற்றவன் அல்லன் என்பதே அது. எழுத்தறிவை மனத்தெளிவுக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் இங்ஙனம் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டமை கருதற்பாலது. எழுத்தறிந்தவன் தெளிவுடையவன் என்பதனால் எழுத்தறியாதவன் தெளிவிலாதவன் என்பது பெறப்படாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட பிழை பல நூற்றாண்டு தொடர்ந்தது என்பதைக் கீழே காண்போம்.

3. மருத்துவர் கைக்கு வந்த முறை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரில் ஃபிலிப் பினெல் என்பார் 1793இல் பிசேத்ர மருத்துவமனையிலும் 1795இல் சால்பெத்ரியே மருத்துவமனையிலும் பொறுப்பேற்று, மனநோயாளரை நாள்தோறும் கண்டு அவர்தம் நிலையைக் குறித்துவைக்கும் முறையைப் போற்றினார். அவருடைய மாணவர் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில், பொருள் இல்லாதபோதே ஒன்றைக் காண்பதும் கேட்பதும் வேறு, இருக்கும் பொருளைப் பிறிதொன்றாகப் பிறழக் கொள்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். கயிற்றைப் பாம்பென மயங்கும் உவமையை நம் சமய நூலோர் நெடுங்காலமாக ஆண்டுவருதலின், இப்பிரிவின் பின்பகுதி தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

இதே காலத்தில் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ காம் 1831இல் ஒரு கருத்தை வற்புறுத்தினார். ஒருவரின் மனம் பிறழ்ந்ததா என்பதை அறிய அவரைப் பிறரோடு ஒப்பிடுதல் கூடாது. நலமாயிருந்த காலத்து அவரோடு இன்றைய அவரை ஒப்பிடுதல் வேண்டும் என்பது அது. இக்கருத்து எளியதாகத் தோன்றினும் பெரும் பயன் உடையது. எண்ணத் தெரியாமை எண் கற்ற வணிகனிடத்தில் நோயின் அறிகுறியாகும். எண்ணே கல்லாதவனிடத்தில் அஃது ஒன்றையும் அறிவியாது.

சட்டமும் தன் பங்குக்கு இம்முறையைத் திருத்தியது. ஒருவரை மனநோயர் எனச் சான்றளிக்கும் மருத்துவர், அம்முடிவுக்குரிய காரணங்களை எழுதுதல் வேண்டும் என்று இங்கிலாந்தின் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் விதித்தது. இந்தியாவில் இயற்றப்பட்ட 1912ஆம் ஆண்டு மனநோயர் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவத்திலும் இரண்டு பகுதிகள் இருந்தன. மருத்துவர் தாமே கண்ட செய்திகள் ஒரு பகுதி. பிறர் சொல்லக் கேட்ட செய்திகள் மற்றொரு பகுதி. கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்தி எழுதும் ஒழுங்கு மனநிலைப் பரிசோதனை தனிக்கூறாக நிலைபெறத் துணைசெய்தது எனலாம். நோயின் வரலாறு பிறர் வாய்மொழியால் வருவது. மனநிலைப் பரிசோதனை மருத்துவரின் நேர்க்காட்சி.

செருமானிய நாட்டு அறிஞர் இக்காட்சியை நுணுக்கமாக்கினர். வெர்னிக்கே என்பார், ஒருவர்க்குத் தம்மைப் பற்றியும் தம் உடலைப் பற்றியும் புறவுலகைப் பற்றியும் உள்ள தெளிவைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும் என்றார். எமில் கிரேப்பலின் உளவியல் ஆய்வுக்கூடத்து அளவைகளை நோயாளியிடம் கையாண்டார். எண்களை இடைவிடாது கூட்டச் செய்து கவனமும் சோர்வும் அளக்கும் முறை அவற்றுள் ஒன்று. 1886 முதல் 1891 வரை அவர் தோர்ப்பாத் நகரில் பேராசிரியராக இருந்தபோது, ஆங்குள்ள நோயாளருட் பலரோடு மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேச இயலாதிருந்தார். நோயாளியின் சொல்லினும் புறத்தே தோன்றும் குறிகளுக்கும் நோயின் போக்கிற்கும் அவர் மிகுதியாக இடங்கொடுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுவாரும் உளர். அது முற்றும் பொருந்தாதெனினும், மருத்துவரின் மொழி ஒன்றும் நோயாளியின் மொழி வேறொன்றும் ஆகும்போது பரிசோதனையின் இயல்பே மாறும் என்பதற்கு அந்நிகழ்ச்சி தக்க எடுத்துக்காட்டு.

இதற்கு மறுதலையான நெறியை 1913ஆம் ஆண்டில் முப்பது வயதினரான கார்ல் யாஸ்பர்ஸ் வகுத்தார். நோயாளி தம் அனுபவத்தைத் தம் சொல்லால் விவரிக்க விடுதலும், அச்சொல்லைத் தம் கோட்பாட்டால் திரிக்காது கேட்டலும் மருத்துவர் கடன் என்றார் அவர். காரணம் காட்டி விளக்குதல் வேறு. உள்ளத்தோடு உள்ளம் ஒன்றிப் புரிந்துகொள்ளுதல் வேறு என்பது அவர் கொள்கை. மேலும், நோயாளி கொண்ட நம்பிக்கையின் பொருள் யாது என்பதினும், அஃது எவ்வடிவில் அவர் உள்ளத்தில் நிற்கின்றது என்பதே நோயை அறிவிக்கும் என்றார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் அடால்ஃப் மேயர் இப்பரிசோதனைக்கு ஒழுங்கான வடிவம் தந்தார். நோயாளியின் வாழ்க்கை முழுவதையும் நோயின் பின்னணியாகக் கொள்ளல் வேண்டும் என்பது அவர் துணிபு. மேயர் வழிவந்த முறைகளைத் தழுவி ஜார்ஜ் கிர்பி 1921இல் வெளியிட்ட கையேடு, மருத்துவமனைகளில் வரலாறு கேட்டற்கும் பரிசோதித்தற்கும் வழிகாட்டியாயிற்று.

இதுகாறும் கூறியவற்றால், மனநிலைப் பரிசோதனையில் இரு மரபுகள் கலந்துள்ளமை போதரும். ஒன்று, வினவி விடையின் சரி தவறு காணும் மரபு. இது சட்ட மன்றத்தில் பிறந்தது. மற்றொன்று, நோயாளி சொல்வதைக் கேட்டு அதன் தன்மையை விவரிக்கும் மரபு. இது மருத்துவமனையில் வளர்ந்தது. முன்னதில் பேச்சுக்குரியவர் மருத்துவர். பின்னதில் பேச்சுக்குரியவர் நோயாளி.

4. மொழியறியாதாரை ஆராய்ந்த வரலாறு

வினவும் மரபு மொழி வேற்றுமையோடு முட்டிய இடங்களுள் சிறப்பாகக் குறிக்கத்தக்கது நியூயார்க்குத் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவு. அமெரிக்காவிற் குடியேற வந்தோருள் அறிவுக்குறை உடையாரைத் திருப்பி அனுப்புமாறு 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பல மொழி பேசும் மக்கள் வரிசையில் நடந்துவர, ஐயத்துக்குரியவரின் தோள்மேல் ஆடையில் மருத்துவர் சுண்ணக்கட்டியால் ஒரு குறியிடுவர். குறியிடப்பட்டவர் தனியறைக்கு அழைத்துச் செல்லப்பட்டு மொழிபெயர்ப்பாளர் வாயிலாக வினவப்பட்டார். விடை தவறின், பல்லாயிரங் கல் கடந்து வந்தவர் மீண்டும் கப்பலேற நேரும்.

இத்தீவில் பணியாற்றிய மருத்துவர் ஹோவர்டு நாக்ஸ், பள்ளியறிவைச் சார்ந்த வினாக்கள் எழுத்தறியாத உழவரிடத்துப் பயன்படா என்பதைக் கண்டார். ஆகவே சொல் வேண்டாத தேர்வுகளை அமைத்தார். நான்கு மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, ஐந்தாவது ஒன்றால் மருத்துவர் ஒரு முறைப்படித் தட்டிக் காட்ட, வந்தவர் அம்முறை மாறாது தட்டுதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1914ஆம் ஆண்டில் அவர் இவ்வகைத் தேர்வுகளைத் தொகுத்து வெளியிட்டார். சட்டத்தின் நோக்கத்தைப் பற்றி நாம் எங்ஙனம் கருதினும், வினாவின் குறையை விடையளிப்பவரின் குறையாகக் கொள்ளக்கூடாது என்னும் அறிவு அவரிடத்து இருந்தமை போற்றற்குரியது.

5. எண்ணால் அளக்கும் முறை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவரிடையே ஒரு குழப்பம் வெளிப்பட்டது. ஒரே வகை நோயாளரை நியூயார்க்கு மருத்துவர் ஒரு நோயினர் என்றும் இலண்டன் மருத்துவர் வேறொரு நோயினர் என்றும் கூறுதலை 1972இல் வெளியான ஒப்பாய்வு ஒன்று நிறுவியது. அவரவர் விருப்பப்படி வினவின் அவரவர்க்கு வேண்டிய விடையே கிடைக்கும் என்பது தெளிவாயிற்று. ஆகவே வினாக்களை முன்கூட்டியே வரையறுக்கும் முயற்சி வலுப்பெற்றது. விங், கூப்பர், சார்ட்டோரியஸ் ஆகியோரின் வினாநிரல் 1974இல் நூலாக வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளரிடம் நடத்திய ஆய்வில் அதன் முற்பட்ட வடிவம் மொழிபெயர்க்கப்பட்டுக் கையாளப்பட்டது. இந்தியாவின் ஆக்ரா நகரும் அவ்வாய்வு நிகழ்ந்த இடங்களுள் ஒன்று. வரையறுத்த வினாக்கள் வேண்டா என்பார் இக்குழப்பத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நினைவும் தெளிவும் பற்றிய பகுதியை மட்டும் சில நிமிடங்களில் அளக்க, மார்ஷல் ஃபோல்ஸ்டைன், சூசன் ஃபோல்ஸ்டைன், பால் மக்ஹியூ என்னும் மூவர் 1975இல் ஒரு சிறு தேர்வை வெளியிட்டனர். அதற்கு மொத்த மதிப்பெண் 30. ஆண்டு, பருவம், தேதி, கிழமை, திங்கள், இடம் ஆகியவற்றைக் கூறல். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிச் சிறிது பொழுது கழித்து நினைவுகூரல். நூற்றிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு வருதல் அல்லது உலகம் எனப் பொருள்படும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை இறுதியிலிருந்து எழுத்துக் கூட்டல். ஒரு தொடரைத் திருப்பிச் சொல்லல். எழுதிக் காட்டியதைப் படித்து அவ்வாறே செய்தல். ஒரு வாக்கியம் எழுதுதல். ஓர் உருவம் வரைதல் என்பன அதன் கூறுகள். 24க்குக் கீழ் பெற்றவரிடத்து அறிவு தேயும் நோய் ஐயுறப்படுவது பொது வழக்காயிற்று. இத்தேர்வு விரைவில் உலகெங்கும் பரவியது.

பரவிய பின்னரே அதன் குறை எண்ணால் வெளிப்பட்டது. அமெரிக்காவில் 18,056 பெரியவர்களிடம் இத்தேர்வை நடத்திக் கண்ட முடிவுகள் 1993இல் வெளியாயின. ஒன்பது ஆண்டோ அதற்கு மேலோ பள்ளியிற் பயின்றவரின் நடுமதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டாண்டு பயின்றவர்க்கு 26. நான்காண்டும் அதற்குக் குறைவாகவும் பயின்றவர்க்கு 22. இவ்விறுதி எண் நோய் ஐயுறப்படும் எல்லைக்குக் கீழ்ப்பட்டது என்பதை நோக்குக. பள்ளிக்குப் போகாமையே நோயாகத் தோன்றும் நிலை இது. 1534இல் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் எழுத்தறிவை மனத்தெளிவின் சான்றாக்கியதும், 1975இல் படித்தலும் எழுதலும் தேர்வின் உறுப்புகளானதும் ஒரே கயிற்றின் இரு முனைகள். முன்னவர் எழுத்தறிவைத் துன்பத்தினின்று காக்கும் புறனடையாகச் சொன்னார். பின்வந்த மதிப்பெண் முறையில் அது கல்லாதாரைத் தாழ்த்தும் அளவையாக மாறியது.

இக்குறையை நீக்கும் முயற்சி இந்தியாவிலேயே சிறப்பாக நிகழ்ந்தது. அரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுத்தறியாதார் மிகுந்த சிற்றூர் முதியோர்க்கென இந்தியில் அமைக்கப்பட்ட தேர்வை மேரி கங்குலியும் உடனாய்வாளரும் 1995இல் வெளியிட்டனர். அவர்கள் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை. ஒவ்வொரு வினாவும் மனத்தின் எத்திறனை அளக்க எழுந்தது என்று ஆராய்ந்து, அத்திறனை வேறு வழியால் அளந்தனர். நூற்றிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு மாறாக இருபதிலிருந்து மும்மூன்றாகக் கழிக்கச் செய்தனர். கண்ணை மூடுக என்று எழுதிக் காட்டுவதற்கு மாறாகத் தாம் கண்ணை மூடிக் காட்டி அவ்வாறே செய்யச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்கு மாறாக வீட்டைப் பற்றி ஏதேனும் ஒன்று சொல்லுமாறு கேட்டனர். இஃது உண்மை மொழிபெயர்ப்பின் இலக்கணம் என்று தமிழ்த்துறையார் கூறத் தடையில்லை.

1998இல் கொச்சியில் உருப்பெற்ற 10/66 என்னும் ஆய்வுக் குழுவும் இந்நெறியிற் சென்றது. மறதி நோயருள் மூன்றில் இரு பங்கினர், அஃதாவது நூற்றுக்கு 66 பேர், வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அந்நோய் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே அந்நாடுகளில் நிகழ்ந்தன என்னும் குறையே அப்பெயருக்குக் காரணம். சென்னை நகரும் வேலூரை அடுத்த சிற்றூர்களும் அக்குழு ஆராய்ந்த இடங்களுள் அடங்கும். முதியவரை வினவுதலோடு, அவரை நெடுநாள் அறிந்த உறவினரையும் வினவுதல் அம்முறையின் ஒரு பகுதி. முன்னைய அவரோடு இன்றைய அவரை ஒப்பிடுக என்று 1831இல் காம் கூறியது ஈண்டு மீண்டும் உயிர் பெற்றது.

6. தமிழில் வினாவும் விடையும்

இனித் தமிழில் இவ்வினாக்கள் எங்ஙனம் நடக்கும் என்று நோக்குவோம். சில சான்றுகளே தரப்படுகின்றன.

(அ) நாள். சிற்றூர் முதியவர் ஒருவரிடம் இன்று என்ன தேதி என்று கேட்டால், ஐப்பசி பன்னிரண்டு என்பார். அவர் கூறியது சரியே. விடைத்தாளில் ஆங்கிலத் தேதி ஒன்றே சரியெனக் குறித்திருப்பின் மதிப்பெண்ணை இழப்பார். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் என்பாரும் காலந்தெளிந்தவரே.

(ஆ) பருவம். ஆங்கில வினாவை ‘இது என்ன பருவம்?’ என்று பெயர்ப்பின், பருவம் என்னும் சொல் வயதையும் பூப்பையும் கல்லூரியின் அரையாண்டையும் குறிக்குமாதலின் பொருள் மயங்கும். மக்கள் வழக்கில் மழைக்காலம், பனிக்காலம், வெயில்காலம் என்பனவே உள்ளன. ‘இப்போது என்ன காலம்?’ என்பதும் காலக்கேடு பற்றிய புலம்பலுக்கு இடந்தரும். மழைக்காலமா வெயில்காலமா என்று இரண்டையும் கூறிக் கேட்பதே தெளிவு.

(இ) பெயர். எம்மாவிடம் கணவர் பெயரைக் கேட்டனர் என மேலே கண்டோம். தமிழ் முதுபெண்டிர் பலர் கணவர் பெயரை வாயாற் சொல்லார். அவர் வாய் வாளாதிருத்தல் மறதியன்று, மரபு. அருகிருப்பாரை நோக்கி ‘நீ சொல்லு’ என்று அவர் கூறுவது, பெயர் நினைவிலிருப்பதற்கே சான்றாகும். வினவுவோர் இதனை அறியாராயின், நாணத்தை நோயென எழுதுவர்.

(ஈ) எழுத்துக் கூட்டல். ஆங்கிலச் சொல்லின் ஐந்தெழுத்துக்கும் ஐந்து மதிப்பெண். அதனை ‘உலகம்’ என்று பெயர்ப்பின் எழுத்து நான்காகி மதிப்பெண் கணக்குக் குலையும். அன்றியும் இறுதியிலிருந்து கூறப் புகுவார் மகர மெய்யிலே தொடங்குதல் வேண்டும். மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலாகாது என்பது நம் இலக்கணம் மட்டுமன்று. தமிழர் நாவின் இயல்பும் அதுவே. ஆகவே நலமுடையாரும் தடுமாறுவர். உயிரில் முடியும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை, ‘தாமரையிலை’ என்பது போல, தேர்ந்துகொள்ளின் இவ்விரு குறையும் நீங்கும். எழுத்தறியாதார்க்கு அதுவும் பயன்படாது. கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் செய்தலே தக்கது.

(உ) தொடரைத் திருப்பிச் சொல்லல். ஆங்கிலத் தேர்வில் உள்ள தொடர், ‘எனின்’, ‘உம்’, ‘ஆனால்’ எனப் பொருள்படும் மூன்று சிறுசொற்களைப் பன்மையாக்கி எதிர்மறையோடு கோத்தது. பொருள் நிறைந்த பெயரையும் வினையையும் பற்றிக்கொள்ளும் நோயாளி, பொருள் மெலிந்த சிறுசொற்களை நழுவ விடுவார் என்பதே அதன் நுட்பம். அத்தொடரின் கருத்தைத் தமிழில் விளங்கப் பெயர்த்தால் நுட்பம் போய்விடும். இடைச்சொல் தானே தனித்து இயங்கும் ஆற்றலிலது, பெயரையும் வினையையும் சார்ந்தே வரும் என்பது தொல்காப்பியர் கண்ட உண்மை. ஆகவே இடைச்சொல் பல விரவிய ஒரு தமிழ்த் தொடரைப் புதிதாக அமைத்தலே நெறி. ‘அவனும் இவளுமோ அதுவும் இதுவுமோ’ போன்றதொரு தொடர் எண்ணிப் பார்க்கத்தக்கது. எனினும் நலமுடையார் பலரிடம் கேட்டுப் பார்த்த பின்னரே எத்தொடரையும் ஏற்றல் வேண்டும்.

(ஊ) பழமொழி. பழமொழியின் பொருளை உரைக்கச் செய்து எண்ணத்தின் நுண்மையை அளக்கும் முறை 1944இல் பெஞ்சமின் எழுதிய கட்டுரையாலும் 1956இல் கோர்ஹம் அமைத்த தேர்வாலும் பரவியது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பதற்குச் செலவில் கணக்கு வேண்டும் என்பார் நுண்பொருள் கண்டவர். ஆற்றில் எதற்குப் போட வேண்டும் என்பார் சொற்பொருளிலே நின்றவர். ஆயினும், பள்ளியில் மனப்பாடம் செய்த பொருளை ஒப்பிப்பவர் எண்ணிச் சொல்பவர் அல்லர். ஆதலின் அறிந்த பழமொழி ஒன்றும் அறியாத பழமொழி ஒன்றும் கேட்டல் வேண்டும்.

இவற்றோடு, நம்மவரே இழைக்கும் பிழை ஒன்றும் உண்டு. ‘தற்போது எவ்வாண்டு நடைபெறுகின்றது?’ என்று செந்தமிழில் வினாத்தாள் அமைத்தால், பேச்சு வழக்கே அறிந்த முதியவர்க்கு அது வேற்றுமொழி போன்றதே. செந்தமிழ் நூலுக்கு அழகு. நோயாளியின் படுக்கையருகில் ‘இப்ப என்ன வருஷம்?’ என்பதே தெளிவு. இதனைத் தமிழ்த்துறையார் கூறுதல் தமிழுக்கு இழுக்கன்று.

7. கலைச்சொல் ஒன்று

ஆங்கில மருத்துவர், நோயாளி தம் உள்ளத்து உணர்வதாகக் கூறும் நிலையையும், அவர் முகத்திலும் குரலிலும் மருத்துவர் காணும் வெளிப்பாட்டையும் இருவேறு சொற்களாற் சுட்டுவர். தமிழில் இரண்டையும் மனநிலை என்றே எழுதுவாரும் உளர். பரிசோதனை முழுமைக்கும் அதுவே பெயராதலின் குழப்பம் மும்மடங்காகும். முன்னதை உணர்வுநிலை என்றும், பின்னதை மெய்ப்பாடு என்றும் வழங்கலாம். உள்ளத்து நிகழ்வது பிறர் காண மெய்யின்கண் தோன்றுதலே மெய்ப்பாடு என்பது நம் உரைமரபு. மகன் இறந்தான் என்று நகைத்துக்கொண்டே கூறுவாரிடத்து உணர்வுநிலைக்கும் மெய்ப்பாட்டுக்கும் இயைபில்லை என்று ஒரு வரியில் எழுதிவிடலாம்.

இதனைக் கொண்டு தொல்காப்பியர் மனநோய் மருத்துவம் அறிந்திருந்தார் என்று கூறுதல் மிகையாகும். அவர் மெய்ப்பாடு கூறியது செய்யுட்கு. சொல்லைக் கடன் கொள்கின்றோமேயன்றி வரலாற்றைக் கற்பித்துக்கொள்ளவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மருத்துவ நூல்களையும் தமிழாக்கியமை, இத்தகைய பணி இயலும் என்பதற்குச் சான்று.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், மனநிலைப் பரிசோதனையின் வினாக்கள் நிலவுடைமைச் சட்டத்தில் தொடங்கியமையும், கேட்டு விவரிக்கும் மரபு பின்னர் அதனோடு கலந்தமையும், எழுத்தறிவைத் தெளிவின் அளவாகக் கொண்ட பிழை நெடுங்காலம் தொடர்ந்தமையும் பெறப்பட்டன.

இப்பொருள் பழங்கதையன்று. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய மனநலப் பாதுகாப்புச் சட்டம், தம் சிகிச்சையைத் தாமே தீர்மானிக்கும் திறன் ஒருவர்க்கு உண்டா என்பதை அறிய, உரிய செய்தியை அவர்க்கு விளங்கும் எளிய மொழியில் சொல்லுதல் வேண்டும் என்று விதித்துள்ளது. ஒருவர் எடுத்த முடிவு பிறர்க்குத் தவறாகத் தோன்றுவது ஒன்றே அவர் திறனற்றவர் என்பதற்குக் காரணமாகாது என்றும் அச்சட்டம் கூறுகின்றது. விளங்கும் மொழி யாது என்பதை அறுதியிடும் பொறுப்பு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று.

ஒரு முதியவளின் வீடும் நிலமும், அவள் கையொப்பத்தின் மதிப்பும், தன் உடலைப் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமையும் சில வினாக்களுக்கு அவள் கூறும் விடையைப் பற்றி நிற்கின்றன. அவ்வினாக்கள் பிழையான தமிழில் அமைந்தால் இழப்பு அவளுடையது, பழி நம்முடையது. ஆதலின், முதுகலை மாணவர் இருவர் மூவர் மருத்துவரோடு கூடி, வட்டாரந்தோறும் முதியோரிடம் கேட்டு, தமிழ் வினாநிரல் ஒன்றைச் செப்பம் செய்வாராயின், அது தமிழ் ஆய்வின் எல்லைக்கு உட்பட்ட நற்பணியே ஆகும்.